கார்செட், கார்செலெட்: பெட்டியில் இருக்கும் இரண்டில் எது எது?

லெஸ்டர்வாசி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருபது ஆண்டுகளாக வசிக்கிறோம். எங்கள் அடுத்த வீட்டு மூதாட்டி சென்ற மாதம் காலமானார். தொண்ணூற்றொரு வயது. இளம் வயதில் மார்க்கெட் ஹார்பரோவில் இருந்த சிமிங்டன் உள்ளாடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தவர். எனக்கு இந்த ஊரில் தாய்போல இருந்தார். அவருடைய மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். "அம்மாவின் அட்டைப்பெட்டி ஒன்று இருக்கும், அதை மட்டும் நீ பார்த்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடு" என்று என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

பெட்டியில் இரண்டு ஆடைகள். கூடவே மூதாட்டியின் கையெழுத்தில் இரண்டு சிறு அட்டைகள். ஒன்றில் "பாட்டியின் கார்செட்", மற்றொன்றில் "அம்மாவின் கார்செலெட்". அட்டைகளைக் குத்தியிருந்த ஊசிகள் துருப்பிடித்து உதிர்ந்து, அட்டைகள் பெட்டியின் அடியில் கிடந்தன. எந்த அட்டை எந்த ஆடைக்கு என்பதுதான் கேள்வி.

ஆடை ஒன்று: மணல் நிறம், தடித்த துணி. உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. தோள்பட்டை நாடா கிடையாது. முன்னால் இரண்டு உலோகப் பட்டைகள், ஒன்றில் ஐந்து குமிழ்கள், மற்றதில் ஐந்து வளையங்கள். பின்னால் இரு வரிசைத் துளைகளில் நீளமான நாடா. மேசைமீது வைத்தால் யாரும் பிடிக்காமலே தானாக நிற்கிறது.

ஆடை இரண்டு: வெளிறிய ரோஜா நிறம், வழவழப்பான துணி. தோளில் நாடாக்கள், மார்புக்குக் கிண்ணம்போல் வடிவம், அங்கிருந்து தொடைவரை நீளம். இடப் பக்கம் முழுக்கக் கொக்கிகள். கீழே நான்கு கவ்விகள் தொங்குகின்றன. மேசையில் வைத்தால் துவண்டு படுத்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் "லெட்" என்று முடிந்தால் சிறியது என்று பொருள் வரும் அல்லவா? அப்படியென்றால் சிறிய ஆடைதானே கார்செலெட்? ஆனால் பார்த்தால் அதுதான் பழையதுபோல் தெரிகிறது. தவறான அட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அந்த அம்மாளுக்குச் செய்யும் துரோகம். உதவுங்கள்.


ஊசிமுனை

சகோதரி, அட்டையைக் கட்டிவிடாதீர்கள், நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. சிறியதுதான் கார்செட். பெரியது கார்செலெட்.

சென்னையில் நாடகங்களுக்கு உடை தைக்கிறேன், இருபத்தாறு ஆண்டுகள். ஐரோப்பிய நாடகங்கள் எங்கள் குழுக்களிடம் வரும்போதெல்லாம் இந்தக் குழப்பமும் வரும். ஒரு முறை 1880களின் கதைக்குக் கார்செட் வேண்டும் என்று இணையத்தில் ஒரு கடையில் வாங்கினோம். கார்செட் என்று எழுதியிருந்தது, வந்து சேர்ந்ததோ இழுத்தால் நீளும் நீச்சலுடை மாதிரி ஒன்று. நாடகத்துக்கு நான்கு நாள் இருந்தது. நானே உட்கார்ந்து தைத்தேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

கார்செட்டின் துணி நீளாது, நீளவும் கூடாது. அதன் உயிரே அதுதான். கூட்டில் என்று ஒரு துணி இருக்கிறது, நெருக்கமாக நெய்த பருத்தி, மீன்முள் வரிசைபோல் சாய்கோடுகள் ஓடும். எந்தப் பக்கம் இழுத்தாலும் அசையாது. அதைப் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இடுப்பில் குறுக்கி மேலும் கீழும் அகலவிட்டுச் சேர்ப்பார்கள். தையலோரம் நெடுக்காகக் குழல்போல மடிப்புகள் தைத்து அதற்குள் தப்பைகளை, அதாவது விறைப்பான மெல்லிய பட்டைகளை, செருகுவார்கள். திமிங்கிலத் தப்பை (திமிங்கிலத்தின் வாய்த் தகட்டில் வெட்டியது), எஃகு, பிரம்பு, முறுக்கிய கயிறு என்று காலத்துக்கும் காசுக்கும் ஏற்ப மாறும். உட்புறம் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை நாடா ஓடும். இழுவிசை முழுவதையும் தாங்குவது அந்த நாடாதான். அது இல்லாமல் தைத்த என் முதல் கார்செட் இரண்டாவது ஒத்திகையிலேயே தையல் விட்டுப்போனது.

நீங்கள் சொன்ன முன்பக்க உலோகப் பட்டைக்குப் பஸ்க் என்று பெயர். முன்னால் திறந்து மூடும் பஸ்க் 1820களின் இறுதியில் பிரான்சில் வந்தது. அதே காலத்தில் துளைகளுக்கு உலோக வளையம் பொருத்தும் வழக்கமும் வந்தது. அதற்கு முன் துளைகளை நூலால் சுற்றித் தைத்திருப்பார்கள், பலமாக இழுத்தால் கிழியும். இந்த இரண்டும் வந்த பிறகு, முதுகில் நாடா உள்ள கார்செட்டையும் ஒரு பெண் தானே அணிந்து தானே கழற்றுவது மிகவும் எளிதாயிற்று. முதுகு நாடாவை இடுப்பு உயரத்தில் இரு காதுகள்போல் வெளியே இழுத்துவிட்டிருப்பார்கள். முன்னால் பஸ்க்கை மாட்டிவிட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த இரு காதுகளையும் இழுத்தால் இடுப்பு சுருங்கும். எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதை அவள் கையே முடிவு செய்தது.

கழற்றும்போது முதலில் நாடாவைத் தளர்த்திவிட்டுத்தான் பஸ்க்கைத் திறக்க வேண்டும். அவசரத்தில் நேராகத் திறந்தால் குமிழ் வளைந்துவிடும். உங்களிடம் இருப்பதில் ஐந்து குமிழ்களும் நேராக இருக்கின்றனவா, பாருங்கள். நேராக இருந்தால் அந்தப் பாட்டி பொறுமைசாலி.


கொழும்புத் தையல்

ஊசிமுனை அண்ணா சொன்னது சரி. நான் கார்செலெட் பக்கத்தைச் சொல்கிறேன். பதினான்கு வருடம் இலங்கையில் ஏற்றுமதி உள்ளாடைத் தொழிற்சாலையில் மாதிரி தைக்கும் பிரிவில் இருந்தேன். எங்களிடம் வரும் வரைபடங்களில் கார்செலெட் என்ற பெயர் இன்றும் வரும்.

கார்செலெட் என்றால் மார்க்கச்சும் இடுப்புப் பட்டையும் ஒரே ஆடையாகச் சேர்ந்தது. 1889இல் பாரிஸில் எர்மினி கடோல் என்ற பெண்மணி கார்செட்டை இரண்டாகப் பிரித்தார்: மார்பைத் தோள் நாடா தாங்கட்டும், இடுப்பைக் கீழ்ப்பகுதி பார்த்துக்கொள்ளட்டும் என்று. அப்படிப் பிரிந்த இரண்டையும் 1920களில் மறுபடி ஒன்றாகச் சேர்த்தபோது கிடைத்ததுதான் கார்செலெட். ஆனால் சேர்த்தபோது அது பழைய கார்செட்டாக ஆகவில்லை. 1920களின் கவுன்கள் குழாய்போல் நேராக இருந்தன, இடுப்பே தெரியக் கூடாது. அதனால் முதல் கார்செலெட்டுகள் இடுப்பைக் குறுக்கவே இல்லை. மார்பைத் தட்டையாக்கி இடுப்புக்குக் கீழே உள்ளதை அடக்கி, கழுத்திலிருந்து தொடைவரை ஒரே நேர்கோடாக ஆக்கின. 1930களில் இடுப்பு திரும்பி வந்தது, கிண்ணங்களும் வந்தன.

கவ்விகள் காலுறைக்கு. அந்தக் காலத்தில் காலுறை தொடையோடு முடிந்துவிடும், அதைப் பிடித்துக்கொள்ள மேலிருந்து ஏதாவது தொங்க வேண்டும். 1960களில் இடுப்புவரை ஏறும் காலுறை வந்ததும் கவ்விக்கு வேலை போயிற்று, கார்செலெட்டின் செல்வாக்கும் அதோடு தேய்ந்தது.

இப்போது சோதனை. பக்கவாட்டில் வேறு நெசவாக ஒரு துண்டு இருக்கும். அதை இரு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நீண்டால்


பழந்துணி

இழுக்காதீர்கள்! தயவுசெய்து இழுக்காதீர்கள்.

முந்தைய பதிவு முடியும் முன்னே புகுந்ததற்கு மன்னிக்கவும். அருங்காட்சியகத்தில் துணிப் பாதுகாப்பு வேலை செய்கிறேன். ஐம்பது, அறுபது ஆண்டு கடந்த ரப்பர் இழை உயிரற்றது. வியர்வை, உடல் எண்ணெய், வெளிச்சம் மூன்றும் சேர்ந்து அதைக் காய்ந்த சேமியாபோல் ஆக்கியிருக்கும். ஒரு முறை இழுத்தால் உள்ளே நொறுங்கிவிடும், வெளியே துணி மட்டும் சுருக்கம் விட்டுத் தொங்கும். திரும்பச் சரிசெய்ய வழியே கிடையாது.

பதிலாக, வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் அந்தத் துண்டைப் பாருங்கள். நூல் சுற்றிய மெல்லிய உருண்டை இழைகள் வரிசையாக ஓடினால் அது ரப்பர். ஆடைக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்துவையுங்கள். பழுப்பு நிறத்தில் பொடி விழுந்திருந்தால் சந்தேகமே இல்லை.

கார்செட்டுக்கு ஒரு சின்ன சோதனை: குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, தப்பைகளின்மேல் படாமல் ஒரு நூல் உயரத்தில் நகர்த்துங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே எஃகு. இழுக்காத இடத்தில் திமிங்கிலத் தப்பையோ கயிறோ இருக்கும்.


கொழும்புத் தையல்

ஐயோ, நல்ல வேளை தடுத்தீர்கள். எனக்குப் புதுத் துணியோடு மட்டுமே பழக்கம், தினமும் நூறு தடவை இழுத்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. நான் சொன்னதை மறந்துவிடுங்கள், லெஸ்டர் அக்கா.


மாலைத்தென்றல்

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். அந்தக் காலப் பெண்கள் கார்செட் போடுவதற்காக விலா எலும்பையே அறுத்து எடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். இப்படி ஒரு கொடுமைக் கருவியைப் பாதுகாத்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டுமா?


பழந்துணி

விலா எலும்பை எடுத்ததற்குச் சான்று கிடையாது. மயக்க மருந்தும் கிருமிநாசினியும் சரியாக வராத காலத்தில் அழகுக்காக அப்படி ஓர் அறுவை செய்துகொண்டு பிழைத்து எழுவது எளிதான காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

அளவுகளிலும் ஒரு பிழை தொடர்ந்து நடக்கிறது. பழைய கார்செட்டை முழுக்க மூடி அளந்து "இருபத்தோர் அங்குல இடுப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். அணியும்போது முதுகில் இரண்டு, மூன்று அங்குலம் திறந்தே கட்டினார்கள். பின்னால் அந்த நாடா அவ்வளவு நீளமாக இருப்பது அதற்காகத்தான்.

மிகையாக இறுக்கியவர்கள் இருந்தார்கள், மருத்துவர்கள் கண்டித்து எழுதினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் கார்செட் அணிந்தே பெண்கள் தரை துடைத்தார்கள், துணி துவைத்தார்கள், ஆலைகளில் நின்றார்கள். அந்த உழைப்பை நினைத்தாவது இவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.


சொல்லேர்

பெயரைப் பற்றிக் கொஞ்சம். லெஸ்டர் சகோதரி "லெட் என்றால் சிறியது" என்றது சரி, ஆனால் கார்செட்டில் உள்ள "எட்" என்பதும் சிறியது என்றே பொருள் தரும். பழைய பிரெஞ்சு மொழியில் உடலுக்குக் "கோர்" போன்ற ஒரு சொல், இலத்தீன "கோர்புஸ்" அதன் தாய். இரண்டு பெயருக்கும் நேர்ப்பொருள் "சிற்றுடல்" என்பதுதான். அளவில் எது பெரியது என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது.

அதிலும் கார்செலெட் என்ற சொல் உள்ளாடைக்கு வருவதற்கு முன்பே வேறு ஒன்றுக்கு வழங்கியது. 16ஆம் நூற்றாண்டில் ஈட்டி ஏந்திய காலாள் வீரர்கள் மார்பிலும் முதுகிலும் அணிந்த இரும்புக் கவசத்துக்குப் பெயர் கார்செலெட். பழைய ஆவணத்தை மொழிபெயர்க்கும்போது நான் இதில் இடறியிருக்கிறேன். "கார்செலெட் அணிந்த நூறு பேர்" என்பதை முதலில் படித்துவிட்டு ஐந்து நிமிடம் திகைத்து உட்கார்ந்திருந்தேன்.

தமிழில் என்ன சொல்வது? கச்சு, கச்சை, வம்பு எல்லாம் கட்டுகிற துணியைக் குறிப்பவை. தைத்து மாட்டுவதற்குக் கஞ்சுகம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது மெய்ப்பை. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் "மெய்ப்பை புக்க" தோற்றத்தோடு வருகிறார்கள். மெய் என்றால் உடல். ஐரோப்பியர் "உடல்" என்ற சொல்லிலிருந்து ஆடைக்குப் பெயர் எடுத்தார்கள், நம்மவர் அந்த ஐரோப்பியக் கரைக்காரரின் ஆடைக்கே மெய் என்று தொடங்கிப் பெயர் வைத்தார்கள். கார்செட்டுக்கு "இறுக்குக் கச்சு", கார்செலெட்டுக்கு "மெய்க்கச்சு" என்று நான் எழுதி வருகிறேன்.


ஊசிமுனை

ஐயா, மெய்க்கச்சு அருமை. இறுக்குக் கச்சு என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டுமே இறுக்குபவைதாம். தைப்பவன் கண்ணுக்குக் கார்செட்டின் அடையாளம் முதுகு நாடா. "நாடாக் கச்சு" என்றால் என்ன? படிப்பவருக்குப் பொருளே படமாகத் தெரியும்.


சொல்லேர்

நாடாக் கச்சு. நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 1940களில் வந்த சில கார்செலெட்டுகளிலும் சிறிது நாடா இருக்கும் என்று படித்திருக்கிறேன். அங்கே என்ன செய்வது?


ஊசிமுனை

அங்கே நாடா துணை வேலைதான் செய்யும், ஆடையை நடத்துவது அது இல்லை. அந்த வேறுபாடு ஒரு பெயருக்குள் அடங்காது, ஐயா. அடிக்குறிப்பு போடுங்கள்.


கடலோரம்

தூத்துக்குடியில் மீன்வளத் துறைப் படிப்பு படித்தவன். இந்தச் சொல் எங்கள் பாடத்திலும் உண்டு என்பதைச் சொல்லவே வந்தேன். சூரை மீனின் உடல் பெரும்பாலும் செதிலே இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். தலைக்குப் பின்னால், நெஞ்சுத் துடுப்பைச் சுற்றி மட்டும் கவசம்போல் செதில்கள் திரண்டிருக்கும். அதற்குக் கார்செலெட் என்றுதான் பெயர். ஏலக்கூடத்தில் சூரையைத் தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சொரசொரக்கும். சொல்லேர் ஐயா சொன்ன இரும்புக் கவசத்திலிருந்து வந்த பெயராக இருக்க வேண்டும்.


லெஸ்டர்வாசி

எவ்வளவு விவரம்! நேற்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள் விரித்து உட்கார்ந்தேன். பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மணல் நிற ஆடை. ஐந்து குமிழ்களும் நேராக இருக்கின்றன. காந்தம் முன்பக்கப் பட்டைகளில் இழுத்தது. பின்னால் துளைகளின் ஓரத்தில் இழுத்தது. நடுவில், விலாப் பக்கத்தில், எங்குமே இழுக்கவில்லை. அங்கே தடித்த கோடுகள் அடுத்தடுத்து நெருக்கமாக ஓடுகின்றன. ஒரு மடிப்பின் முனை பிரிந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் முறுக்கிய பழுப்புக் கயிறு. ஒவ்வொரு கோட்டின் அடியிலும் சிவப்பு நூலில் விசிறிபோல் ஒரு சின்ன தையல். அக்குள் பக்கம் துணி தேய்ந்து, வேறு துணியால் ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது. கையால் போட்ட ஒட்டு, தையல் மிகமிக நுணுக்கம்.

ரோஜா நிற ஆடை. பக்கவாட்டில் வேறு நெசவுத் துண்டு இருக்கிறது, ஆனால் இரண்டு விரல் அகலம்தான். பூதக்கண்ணாடியில் நூல் சுற்றிய இழை தெரிந்தது. வெள்ளைத் தாளில் பழுப்புப் பொடி விழுந்திருந்தது. உள்ளே கொக்கிகளுக்குப் பக்கத்தில் ஒரு துணிச் சீட்டு. அதில் இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி எடுத்ததுபோல் இருக்கிறது, பக்கத்தில் 41 என்ற எண்.

மூதாட்டி ஒரு முறை சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது. அவருடைய பாட்டி ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரியாக இருந்தாராம்.


பழந்துணி

சகோதரி, நீங்கள் எங்கள் துறைக்கு வந்துவிடுங்கள்.

41 சீட்டிலிருந்து தொடங்குகிறேன். அது போர்க்காலப் பிரிட்டன் அரசின் சிக்கன உடைத் திட்டத்தின் முத்திரை. 1941 ஜூன் 1 அன்று அங்கே துணிக்குப் பங்கீடு வந்தது. எத்தனை பொத்தான், எவ்வளவு மடிப்பு என்பதுவரை அரசு வரையறுத்தது. அந்த வரையறைக்கு உட்பட்ட உடைகளில் இந்த முத்திரை பதித்தார்கள், 1952 வரை. ஆகவே உங்கள் ரோஜா நிற ஆடை தைத்த காலம் அந்தப் பதினோரு ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டது. அட்டையில் உள்ள "அம்மா" அணிந்தது இதுதான்.

இரண்டு விரல் அகலம் என்று சொன்னீர்களே, அதற்கும் காரணம் போர்தான். 1931இல் லாஸ்டெக்ஸ் என்ற இழை சந்தைக்கு வந்தது. ரப்பர்ப் பாலை மெல்லிய உருண்டை இழையாக இழுத்து அதன்மேல் நூலைச் சுற்றியது. கார்செலெட் மிருதுவானதும், நாடா இல்லாமல் உடம்பைப் பிடித்ததும் அதனால்தான். போருக்கு முன்பு தைத்ததில் பக்கவாட்டுத் துண்டு ஒரு சாண் அகலம்கூட இருக்கும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது, மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போனது, ரப்பரும் போனது. மிச்சமிருந்த ரப்பர் டயருக்கும் படைக்கும் தேவைப்பட்டது. பெண்களின் உடைக்கு இரண்டு விரல்தான் கிடைத்தது.

பாட்டியின் கார்செட்டுக்கு வருகிறேன். கயிறு வைத்துத் தைத்தது மலிவான, உறுதியான வகை. திமிங்கிலத் தப்பை விலை அதிகம், குனிந்து நிமிர்ந்தால் உடையவும் செய்யும். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கென்றே கயிறு வைத்த கார்செட்டுகளை அந்தக் காலத்தில் விற்றார்கள். சிமிங்டன் நிறுவனமே "பிரிட்டி ஹவுஸ்மெய்ட்" என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்படி ஒன்றை விற்றது. உங்களிடம் இருப்பது அதேதான் என்று படம் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகையைச் சேர்ந்தது. சிவப்பு விசிறித் தையல் தப்பையோ கயிறோ துணியைத் துளைத்து வெளியே வராமல் தடுப்பதற்காக. அழகாகவும் இருக்கட்டுமே என்று வண்ண நூலில் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஒட்டைப் பிரிக்க வேண்டாம். துவைக்கவும் வேண்டாம். அது தேய்ந்த இடம் அக்குள் என்பதால் அந்தப் பெண் கையை எவ்வளவு உயர்த்தி உயர்த்தி வேலை செய்திருக்கிறாள் என்பது அங்கே எழுதியிருக்கிறது.


பால்மரம்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். பல மாதங்களாக இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தாத்தா பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். விடியலுக்கு முன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டும், பெயர் கூப்பிட்டதும் விளக்கோடு நிரைக்குள் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும். ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் வடிய மங்கு (கிண்ணம்) வைப்பார். பிறகு வாளியில் சேர்த்துக் காண்டா (தோளில் சுமக்கும் தடி) கட்டிச் சுமப்பார். பாட்டி பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உருவி எடுப்பார். வீட்டில் எப்போதும் அந்தப் புளித்த நாற்றம் இருக்கும் என்று அப்பா சொல்வார்.

பெரும்பகுதி பாலை உறையவைத்துத் தகடாக அடித்துப் புகைபோட்டு அனுப்புவார்கள். ஒரு பகுதி பாலாகவே, உறையாமலிருக்க அம்மோனியா கலந்து, கப்பலில் போகும். லாஸ்டெக்ஸ்போல் இழை இழுப்பதற்கு வேண்டியது அந்தத் திரவப் பால்தான். இதை நான் அறிந்திருந்தேன், ஆனால் அது எதுவாக ஆயிற்று என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. டயர் என்றே நினைத்திருந்தேன். லெஸ்டரில் ஒரு தாயின் உடம்பைப் பிடித்து நிறுத்திய இரண்டு விரல் அகலத் துண்டு என்று நினைக்கவில்லை.

1942க்குப் பிறகு தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. தாத்தாவின் தம்பியை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடும் வேலைக்கு என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. தோட்டத்திலிருந்து போன எத்தனையோ பேர் திரும்பவில்லை.

அந்தப் பழுப்புப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள மட்டும்தான் வந்தேன்.


லெஸ்டர்வாசி

கொட்டவில்லை, ஐயா. உங்கள் பதிவைப் படித்ததும் தாளோடு மடித்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டுவைத்திருக்கிறேன். உங்கள் சின்னத் தாத்தாவை நினைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.


பூவரசி

எல்லோரும் பெரிய விஷயங்களைப் பேசும்போது சின்னக் கேள்வி கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அடுத்த மாதம் எனக்குக் கல்யாண வரவேற்பு. மெல்லிய பட்டுச் சேலை, வயிறு கொஞ்சம் தெரிகிறது. கடையில் கார்செட், கார்செலெட் என்று இரண்டு பெயரிலும் பார்க்கிறேன், விலையும் ஏறக்குறைய ஒன்று. எதை வாங்கலாம்?


கொழும்புத் தையல்

தங்கச்சி, கேள்வி சின்னது இல்லை, இந்த உரையாடலின் தலைப்பே அதுதானே. புதுத் துணி என்பதால் இந்த முறை தைரியமாகச் சொல்கிறேன்: இழுத்துப் பார். நீண்டு மறுபடி சுருங்கினால், பெட்டியில் கார்செட் என்று அச்சடித்திருந்தாலும் அது கார்செலெட்டின் பேத்தி. இன்றைக்கு ரப்பருக்குப் பதிலாக ஸ்பேண்டெக்ஸ் இழை, 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது. ரப்பரைவிட மெல்லியது, வியர்வையையும் தாங்கும். மேலிருந்து கீழ்வரை எல்லா இடத்தையும் சமமாக அழுத்தி வழவழப்பாக்கும். இடுப்பைக் குறுக்காது. சேலைக்கு உனக்கு வேண்டியது அதுதான். உட்கார்ந்து எழும்பிப் பார், தொடையில் சுருண்டு ஏறினால் அளவு சின்னது. கச்சிதமாக இருக்கட்டும் என்று ஒரு அளவு குறைத்து வாங்காதே, எல்லோரும் செய்யும் தப்பு அது. சதை ஓரத்தில் பிதுங்கி, மறைக்க நினைத்தது இன்னும் நன்றாகத் தெரியும்.

உண்மையான கார்செட் என்றால் அளவெடுத்துத் தைக்க வேண்டும், வாங்கினாலும் முதல் பல தடவை தளர்வாகக் கட்டி உடம்புக்குப் பழக்க வேண்டும். ஒரு மாதத்தில் வரவேற்புக்கு ஆகாது. பஸ்க்கின் குமிழ்கள் மெல்லிய பட்டில் வெளியே தெரியும்.


இயன்முறை

ஒரு சொல் சேர்க்கிறேன், இயன்முறை மருத்துவம் செய்பவள். இரண்டில் எதுவும் கொழுப்பைக் கரைக்காது. கழற்றிய பின் உடம்பு பழையபடி வந்துவிடும், அதில் ஏமாற்றமோ வெட்கமோ பட ஒன்றுமில்லை. விருந்து சாப்பிட்டுவிட்டு இறுக்கமாக இருந்தால் நெஞ்செரிச்சல் வரும். மூச்சு மேலோட்டமாக ஆனாலோ கால் மரத்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். குழந்தை பெற்றவர்கள், வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவர் சொல்லும் வயிற்றுப் பட்டையைத்தான் அணிய வேண்டும். அதன் இடத்தில் கடையில் வாங்கிய கார்செட்டைக் கட்டிக்கொண்டு வலியோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.


பூவரசி

மிக்க நன்றி அக்கா. மூன்று கடை ஏறி இறங்கியும் ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை.


லெஸ்டர்வாசி

நேற்று மூதாட்டியின் மகளோடு தொலைபேசியில் பேசினேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கயிறு, சிவப்பு விசிறி, இரண்டு விரல் ரப்பர், மலாயா. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மா எப்போதும் கார்செட் என்பதையும் கார்செலெட் என்பதையும் யாராவது மாற்றிச் சொன்னால் திருத்துவார். நான் அது என்ன பெரிய வித்தியாசம் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவேன்" என்றார்.

அக்குளில் போட்ட ஒட்டைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒட்டுத் துணியை மறுபடி பார்த்தபோது, அதன் நெசவு மீன்முள் வரிசைபோல் இருந்ததைக் கவனித்தேன். ஊசிமுனை அண்ணன் சொன்ன கூட்டில்! ஆடையின் துணி நெசவு வேறு. தொழிற்சாலையில் வேலை பார்த்த பேத்தி, அங்கே கழித்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தன் பாட்டியின் கார்செட்டுக்கு ஒட்டுப் போட்டிருப்பாரோ? அவர் என் மகளின் பள்ளிச் சீருடைக்கு ஒரு முறை கிழிசல் தைத்துக் கொடுத்தார். அந்தச் சீருடையைத் தேடி எடுத்து இரண்டு தையலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கைதான் என்று என் மனம் சொல்கிறது.


பழந்துணி

மனம் சொல்வதை அட்டையில் எழுத முடியாது, ஆனால் நீங்கள் கண்டதை எழுதலாம். "ஒட்டுத் துணி மீன்முள் நெசவு, கைத்தையல், பிற்காலத்தது" என்று ஒரு தாளில் குறித்துப் பெட்டியில் வையுங்கள். சீருடையில் உள்ள தையலைப் படம் எடுத்து அதோடு சேர்த்துக் கொடுங்கள். பிறகு பார்ப்பவர்கள் ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

அட்டைகளை ஊசியால் குத்த வேண்டாம், மறுபடி துரு ஏறும். வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். கார்செட்டை மடிக்காமல், உள்ளே அமிலமில்லாத தாளை உருட்டி வைத்து நிற்க விடுங்கள். கார்செலெட்டைப் படுக்கவைத்து, ரப்பர்த் துண்டு மடிப்பில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவ்விகளின் உலோகம் துணியில் படாமல் ஒவ்வொன்றையும் தாளில் சுற்றுங்கள்.


லெஸ்டர்வாசி

அப்படியே செய்துவிட்டேன். கார்செட்டில் "பாட்டியின் கார்செட்". கார்செலெட்டில் "அம்மாவின் கார்செலெட்". வெள்ளை நூல், தளர்வான முடிச்சு. கண்ணாடிக் குப்பியையும் பெட்டியில் வைத்தேன், அதன்மேல் "பக்கவாட்டு ரப்பர்த் துகள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை கொண்டுபோகிறேன்.